முழங்காலை இளக்கி நில்லுங்கோ

"நீங்கள் ரெண்டு பேரும் எங்க சந்திச்சனீங்கள்?" என்று யாராவது கேட்டால் என் கணவர் ஒரே சொல்லில் பதில் சொல்லுவார். "கப்பலில." கேட்டவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கப்பல் என்றால் சோறு தண்ணியை மறந்துவிட்டுக் கரையில் நிற்கிற சோடி, கல்யாண வீடுகளில் கடைசிப் பாட்டு முடியும் மட்டும் ஆடுகிற சோடி என்று எங்களைத் தெரிந்த சனம், "அப்ப பொருத்தம்தான்" என்று சந்தோசப்பட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணி போட வேணும், அடுப்பில் பால் இருக்கு என்று ஏதாவது ஒரு சாட்டு. இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. அந்தக் கதையைப் பிறர் கேட்டு மகிழ்வதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை. அது சந்தோசமான கதைதான். ஆனால் அந்தக் கதையில் மூன்றாவதாக ஒரு முகம் இருக்கிறது. அவர் அதைச் சொல்லுவதில்லை என்றும், எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் என்றால் எந்தக் கப்பல் என்று எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. போரில் யாழ்ப்பாணத்துக்கான தரைப் பாதை பூட்டியிருந்த காலத்தில் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ஓடிய கப்பல். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அந்த வருடங்களில் எப்போதும் இரண்டு பாய் விரித்தபடி கிடக்கும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகக் கிளியரன்ஸ் என்கிற பயண அனுமதிக்கும் கப்பலுக்கும் காத்திருக்கும் சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர், ஒருமுறை யாரென்றே தெரியாத ஒரு வயோதிபத் தம்பதி. மூன்று நாள் என்று வந்தவர்கள் மூன்று கிழமை இருந்துவிட்டுப் போவார்கள். அம்மா அரிசியைக் கூடப் போடுவாவே தவிர, எப்ப கப்பல் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

வாடைக்காற்று

2001ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். லீவு முடிந்து திரும்பிப் போகிறேன். கிழக்குக் கடல் சோளகத்தில், தென்மேற்குக் காற்றுக் காலத்தில், குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்கு வாடை தொடங்கிவிட்டால் அதே கடலை அடையாளம் காண முடியாது. அன்றைக்கு வாடை தொடங்கியிருந்தது. சோதனை, பதிவு, மறுபடி சோதனை என்று பகல் முழுக்க வெயிலில் நின்று பின்னேரம் ஏறினோம். கோணேசர் மலையைத் தாண்டும் வரைக்கும் சனம் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றது. தாண்டியதும் கப்பல் ஆழக்கடல் பக்கம் திரும்பியது, ஆட்டம் தொடங்கியது. அரை மணித்தியாலத்தில் நான் பொலித்தீன் பையோடு அணியப் பக்கம் ஒரு மூலையில் குந்தியிருந்தேன். கண்ணை இறுக்கி மூடினால் நிற்கும் என்று நினைத்தேன். மூட மூடக் குடல் வாய்க்கு வந்தது.

"பிள்ளை, கண்ணைத் திறவுங்கோ. கண்ணை மூடினால்தான் கூடச் சத்தி வரும்." யாரென்று பார்க்கவும் தெம்பில்லை. "இதில இராதேங்கோ, அணியத்திலதான் ஆட்டம் கூட. நடுவுக்கு வாங்கோ." வந்தேன். அங்கே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நான் விறைத்துக்கொண்டு நின்றேன். "அப்பிடி இல்ல. முழங்காலை இளக்கி நில்லுங்கோ. கப்பல் ஏறேக்க நீங்கள் இறங்குங்கோ, அது இறங்கேக்க நீங்கள் ஏறுங்கோ. மனசுக்குள்ள எண்ணுங்கோ. ஒண்டு ரெண்டு மூண்டு, நாலு அஞ்சு ஆறு. ஆறு வந்தால் திரும்ப ஒண்டு." கடலின் அசைவைக் கண்ணும் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் வேறு வேறாக மூளைக்குச் சொல்லுவதால்தான் கடல் மயக்கம் வருகிறது என்று பின்னாளில் வாசித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஏழெட்டுத் தரம் ஆறு எண்ணியதும் என் வயிறு என்னிடம் திரும்பி வந்தது என்பதுதான்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று பிடிபட்டது. சின்ன வயதில் நான் பரதம் பழகியவள். 1990இல் ஊரை விட்டு ஓடியதோடு அது நின்றுபோனது. "இது தகிட தகிட. திஸ்ரம்" என்றேன். அவருக்கு அந்தத் தாளச் சொல் தெரியவில்லை. "இது கப்ரிஞ்ஞா. அப்பா பழக்கினவர்" என்றார். அப்போதுதான் அவர் போர்த்துக்கேய வழிவந்த பாலையூற்றுப் பறங்கியர் என்பது எனக்கு விளங்கியது. தண்ணீர்ப் பம்பும் மில் எஞ்சினும் திருத்துகிறவர். சுன்னாகத்தில் ஒரு நெல் மில்லின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு இவருக்காகக் காத்திருக்கிறார்களாம். அவர் தன் காலைக் கொஞ்சம் வைத்துக் காட்டினார், நான் என் காலைக் கொஞ்சம் வைத்தேன். ஒரே எண்ணிக்கையில் இரண்டு ஊர் ஆட்டம். என்னை அறியாமல் நான் சிரித்துவிட்டேன். பகல் முழுக்க, ஏன், பல மாதமாகவே, நான் அப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாவைக் கண்டேன். எங்களிலிருந்து நாலு முழத் தூரத்தில், சுவரோரமாகப் பாய் விரித்து ஒரு பெடியனைப் படுக்க வைத்திருந்தா. பன்னிரண்டு வயது இருக்கலாம். கழுத்து எலும்பு தெரிகிற மெலிவு. கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறா என்பது கையிலிருந்த பெரிய எக்ஸ்ரே உறையில் தெரிந்தது. அந்த உறையாலேயே அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தா. நான் சிரித்த சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தா. பார்த்துவிட்டு, விசிறுவதை நிறுத்தி, எங்களுக்கு முதுகு காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி இருந்துகொண்டா.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் பேசவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பிள்ளையைச் சாகக் கொடுக்கக் கொண்டு போகிறாளோ, பிழைக்க வைக்கக் கொண்டு போகிறாளோ தெரியாத ஒரு தாய்க்கு முன்னால் ஒரு ஆம்பிளையோடு காலெடுத்து வைத்துச் சிரித்தேனே என்று. விடிய, கரையில் இறங்கும்போது நான் என் சிநேகிதிகளோடு முன்னால் போய்விட்டேன். அந்த அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு வரைக்கும் எண்ணுதல்

அடுத்த வருடம் சித்திரையில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்தது. பஸ்ஸில் போய் வரலாம் என்றானதும் கப்பலை எல்லோரும் மறக்கத் தொடங்கினார்கள். நாங்கள் மறக்கவில்லை. அதற்கிடையில் சுன்னாகத்து மில் எஞ்சின் ஏனோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழுதானது. 2003இல் கல்யாணம். எங்கள் வீட்டில் சைவம், அவர் வீட்டில் கிறிஸ்தவ வேதம். அதைப் பற்றி இரண்டு குடும்பங்களும் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை, அதெல்லாம் ஆறிப்போன புண். எழுத வேண்டியது அன்றிரவு பாலையூற்றில் நடந்த ஆட்டம். அவருடைய பெரியப்பா வயலின், ஒருவர் இரபான் என்ற கைமேளம், ஒரு சின்னப் பெடியன் கையில் முக்கோணக் கம்பி. கப்ரிஞ்ஞா மெதுவாகத்தான் தொடங்கும். ஆண்களும் பெண்களும் எதிரெதிராக நின்று மரியாதை செய்து, விலகி, மாறி, சேர்ந்து, பிறகு வேகம் பிடித்துக் கடைசியில் மூச்சு வாங்க வைக்கும். என் பக்கத்துச் சனம் கதிரைகளில் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. பரத அரங்கேற்றத்துக்கு முன்வரிசையில் இருந்து கை தட்டுகிற அதே சனத்துக்கு, புருசனும் பெண்சாதியும் ஒன்றாக ஆடுவதை எந்தக் கண்ணால் பார்ப்பதென்று தெரியவில்லை. என் பெரியம்மாதான் எழும்பி, "கட்டினவனோட ஆடாமல் வேற ஆரோட ஆடுறது?" என்று உரத்துச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தா. கும்மிக்கு வைக்கிற காலை வைத்தா. அதுவும் பொருந்தியது.

போர்த்துக்கேயர் இந்தத் தீவை விட்டுப் போய் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல். அந்தப் பாசை மட்டக்களப்பிலும் இங்கேயும் சில வீட்டுப் பெரிசுகளின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர் அப்பாவோடு அந்தப் பாசை அந்த வீட்டில் முடிந்தது. இவருக்கு நாலைந்து சொல்லும் ஒரு பாட்டின் முதல் இரண்டு அடியும் தெரியும். ஆனால் கால் மறக்கவில்லை. எங்கள் மகளுக்கு நடை பழக்கியபோதே, அவளைத் தன் பாதத்தின் மேல் ஏற்றி வைத்து, ஆறு வரைக்கும் எண்ணித்தான் பழக்கினார்.

கப்பல் பைத்தியமும் அப்படியே தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூதூர் லோஞ்சில் ஏறுவோம். மூதூரில் எங்களுக்கு ஒரு அலுவலும் இல்லை. கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். மாரியில் மகாவலி வந்து விழுகிற பக்கம் தண்ணீர் செம்மண் நிறமாகக் கிடக்கும், கொஞ்சம் தள்ளி நீலம். இரண்டும் கலக்காமல் கோடு போட்டது போல் நிற்கும் இடத்தை அவர் ஒவ்வொரு முறையும் முதல் தரம் காண்பவர் போலக் காட்டுவார். ஒரு சட்டி தயிர் வாங்கிக்கொண்டு அடுத்த லோஞ்சில் திரும்பிவிடுவோம். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. 396 மீற்றர். மற்றப் பாலங்களும் வந்தபின் மூதூருக்குத் தரைவழியாகவே போய்விடலாம். நல்ல காரியம்தான். ஆனால் அந்தத் துறையில் வரிசையில் நின்று, முகத்தில் உப்புக்காற்று பட, பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடந்த காலத்தை நான் இப்பவும் தேடுகிறேன். பங்குனி, சித்திரையில் கோணேசர் மலையில் நின்று திமிங்கிலம் ஊதுவதைப் பார்ப்போம். கரையை ஒட்டியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு இருப்பதால்தான் அவை இவ்வளவு கிட்ட வருகின்றன. உட்துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் ஏதும் வந்தால், அது வெளிக்கிடும் மட்டும் கரையில் நிற்போம். மேல் தட்டில் மின்குமிழ்கள் எரியும், பாட்டுச் சத்தம் தண்ணீர் மேல் மெல்லியதாக வரும். "ஒருநாள் அதில நிண்டு இஞ்சால பாக்க வேணும்" என்பார் அவர்.

இடையில் 2006 ஆவணியில் ஏ9 மறுபடி பூட்டியதையும், விறாந்தையில் மறுபடி பாய் விரித்ததையும் சொல்லாமல் போகக்கூடாது. அந்த இரண்டு மூன்று வருடமும் நாங்கள் எந்தக் கல்யாண வீட்டிலும் ஆடவில்லை.

அதே கடல்

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னையில் ஒரு உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து சென்னைக்குத் திரும்புகிற பயணம். செய்தியைப் படித்த அன்றிரவு அவர் தூங்கவில்லை. எங்கள் இருபதாவது வருடத்துக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு ஒன்று இருந்தது. முந்தின வருடம் ரூபாய் விழுந்ததில் அதன் பெறுமதி பாதியாகியிருந்தது. மகள் தன் பங்கையும் போட்டாள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குக் கப்பல்! கேட்டவர்கள் எல்லோரும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்றார்கள். எங்களுக்கு அது நேர்வழியாகத்தான் பட்டது.

கப்பலின் பெயர் எம்பிரஸ். 48,000 தொன்னுக்கு மேல். பிரான்சில் கட்டி 1990இல் வேறொரு பெயரில் முதல் பயணம் போன கப்பல் என்று அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். 1990. நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடிய வருடம். அந்த ஆனியில் இங்கே வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, உலகத்தின் வேறொரு மூலையில் இந்தத் தட்டில் சனம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை யோசித்தபடி கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். கோபம் வரவில்லை. இந்தக் கப்பலுக்கும் எனக்கும் ஒரே காலம் ஓடியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அம்பாந்தோட்டையை அண்டியபோது தென்கடலில் சோளகத்தின் அடி இருந்தது. இவ்வளவு பெரிய கப்பல், ஆட்டத்தைக் குறைக்கிற பக்கவாட்டுத் துடுப்புகள் இருந்தும் அசைந்தது. பலர் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் நடுத்தட்டில் முழங்காலை இளக்கி நின்றோம்.

திருகோணமலையில் எல்லோரும் சுற்றுலா பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் ஓட்டோ பிடித்து உவர்மலைக்குப் போய், மகள் போட்ட தேத்தண்ணியைக் குடித்து, பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினோம். பின்னேரம் கப்பல் வெளிக்கிட்டது. பவுல் முனை வெளிச்சவீடு ஒரு பக்கம், கோணேசர் மலை மறுபக்கம். இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் வெளிச்சத்தைக் கண்டதும் நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அந்த இடத்தில் அவர் எப்போதும் கும்பிடுவார்.

இரவு மேல் தட்டில் பாட்டு. முதலில் ஹிந்திப் பாட்டுகள், பிறகு தமிழ்க் குத்துப் பாட்டு ஒன்று வந்தது. எங்கள் குத்துப் பாட்டுகளில் முக்கால்வாசியும் ஆறில்தான் ஓடுகின்றன என்பதை ஆடுகிறவர்கள் கவனித்திருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். மரியாதை செய்து, விலகி, மாறி, சேர்ந்து, அத்தனை பேருக்கு நடுவில் இரண்டு பேராகக் கப்ரிஞ்ஞா ஆடினோம். சுற்றியிருந்த சென்னைப் பிள்ளைகள் விலகி வட்டம் கட்டிக் கை தட்டினார்கள். ஒரு சுற்றில் திரும்பும்போது, ஓரத்துச் சாய்வுக் கதிரையில் ஒரு இளம் தாயைக் கண்டேன். மடியில் குழந்தை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

என் கால் நின்றுவிட்டது. அதே கடல், அதே வழி, அனேகமாகக் குச்சவெளிக்கு நேரே. கம்பியோரமாகப் போய் நின்றேன். அவர் பின்னால் வந்தார். தண்ணி கொண்டு வரட்டோ என்றார். நான் வேண்டாம் என்றேன். பிறகு, இருபத்திரண்டு வருடம் குசினிக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்ததை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்த அம்மா எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பியதை. நீங்கள் ஒவ்வொரு தரமும் கப்பலில என்று சொல்லும்போது எனக்கு அந்த முதுகுதான் தெரியும் என்பதை. ஒரு தாயின் துயரத்துக்கு முன்னால் தொடங்கிய சீவியம் இது என்று நான் நினைப்பதை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன்.

"அந்த அம்மா திரும்பினது எங்களுக்காக இல்லையப்பா" என்றார். "பெடியனுக்குப் பாக்கிறதுக்கு. அவ இருந்தது அவனுக்கு மறைச்சது. அவதான் விலகி, அவனைத் தூக்கித் தன்ர தோளில சாய்ச்சு வைச்சவ. நீர் மற்றப் பக்கம் நிண்டனீர். எனக்கு அவன்ர முகம் நேர தெரிஞ்சது."

நான் திரும்பிக் கதிரையைப் பார்த்தேன். இளம் தாய் இன்னமும் முதுகு காட்டித்தான் இருந்தாள். அவள் தோளுக்கு மேலால் குழந்தையின் இரண்டு கண்களும் தெரிந்தன, ஆடுகிறவர்கள் மேல்.

"ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?"

"உமக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சன். அவனைப் பாத்தபடியால்தான் நான் நிப்பாட்டாமல் ஆடினனான்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அவருக்கு என்னைத் தேற்றத் தெரியும். ஆனால் கதை கட்டத் தெரியாது. மில் முதலாளிகளிடம் இரண்டு நாள் வேலையை மூன்று நாள் என்று சொல்லக்கூட வாய் வராத ஆள். நான் நின்ற இடம், அவர் நின்ற இடம், பாய் கிடந்த சுவர் என்று மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். என் இடத்திலிருந்து பெடியனின் முகம் தெரிந்திருக்காதுதான். நான் ஒருநாளும் அப்படி வைத்துப் பார்த்ததே இல்லை. கூசிய உடம்பு கூசியபடியே நின்றுவிட்டது.

பிறகு நாங்கள் ஆடவில்லை. அறைக்கும் போகவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் கடலில் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் நிறையத் தெரிந்தது. அந்த நாட்களில் அந்தக் கடல் குருட்டு இருட்டு. சோளகக் காலத்துக் கிழக்குக் கடல், கப்பல் அசையவே இல்லை. ஆனாலும் இருவரும் முழங்காலை இளக்கித்தான் நின்றோம். விடியப்புறம் பருத்தித்துறையைச் சுற்றி மேற்கே திரும்பியபோது, கேட்க வேண்டும் என்று இரவு முழுக்க நினைத்ததைக் கேட்டேன். இறங்கும்போது அந்தப் பெடியனை ஆர் தூக்கினது?

"நானும் இன்னொரு ஐயாவும். பாயோட. காத்து மாதிரி இருந்தான்."

"என்னவும் கதைச்சவனோ?"

"ம். 'அண்ணை, ராத்திரிக் கலியாண வீடோ நடந்தது?' எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓம் எண்டு சொன்னன்."

காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரியத் தொடங்கியிருந்தது.